லடாக் பனிப்பாலையில் பயிர்த்தொழில்

வருஷம் முழுவதும் சேர்ந்து நான்கு அங்குல மழைக்கு மேல் காணாத ஒரு நாட்டில், குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பார்லி என்னும் வாற்கோதுமையும் பட்டாணியும் விளைவித்துத் தாமும் உண்டு, ஆடுமாடுகளையும் காத்து வருகின்றனர் என்றால், அஃது எங்ஙனம் இயலும் என்று எவரும் வினவுவர். அந்நாடு இமயமலைக்கு அப்பால், இந்தியாவின் வடகோடியில் உள்ள லடாக் ஆகும். 2019-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி முதல் அது தனி யூனியன் பிரதேசமாக இருந்து வருகின்றது. 2011-ஆம் வருஷத்துக் கணக்கின்படி அதன் ஜனத்தொகை 2,74,289. பரப்பில் மிகப் பெரிதாயினும், பயிர் விளையும் நிலம் அதில் ஒரு சிறு பாகமே. மற்றதெல்லாம் கல்லும் மணலும் பனிச் சிகரங்களுமாம்.

அந்நாட்டுக் குடியானவர்களின் ஜீவனம் ஒன்றையே பற்றி நிற்கின்றது. கிடைக்கும் நீரை அளந்து பங்கிட்டுக்கொள்ளும் ஊர்க்கட்டுப்பாடே அது. மலைமேற் பனி குறைந்து வருவதால், இக்காலத்தில் அக்கட்டுப்பாடு பெருஞ் சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றது. அவர்கள் அச்சோதனையை எதிர்த்து நிற்கும் விதம், பாசன நிலமுடையோரும் கிராம நிர்வாகத்தில் உள்ளோரும் அறியத்தக்கது.

செல்லும் வழி

லடாக்கின் தலைநகரான லே, சிந்து நதிக்கு வடபால் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்குச் செல்லத் தரைமார்க்கங்கள் இரண்டு முக்கியமானவை. ஒன்று காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் செல்வது. ஏறக்குறைய 260 மைல். மற்றொன்று மணாலியிலிருந்து செல்வது. அதில் தங்லங் கணவாய் 17,000 அடிக்கும் மேற்பட்டது. குளிர்காலத்தில் இவ்வழிகள் பனியால் அடைபடும். ஆகாய விமானமோ டில்லியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சிறிது மேற்பட்ட அளவில் கொண்டு சேர்த்துவிடும்.

விவசாயி ஒருவன் இந்நாட்டைக் காண விரும்பினால் ஸ்ரீநகர் வழியே செல்லுதல் நன்று. சோனமார்க் வரையில் இருபுறமும் தேவதாரு வகை மரங்களும் பசும்புல்லும் நிறைந்திருக்கும். அப்பால் ஜோஜி கணவாயைக் கடந்த சில மைல்களுக்குள் மரமென்பதே அருகிவிடுகின்றது. பருவக்காற்றுக் கொண்டுவரும் மேகங்கள் இமயத்தின் தென்புறத்திலேயே தம் சுமையை இறக்கிவிடுகின்றன. மலைக்கு அப்புறம் மிஞ்சுவது வறண்ட காற்றே. மழை நிழல் என்பதன் பொருளை ஒரு பகற்பொழுதுக்குள் கண்ணாற் காண இவ்வழியைவிடச் சிறந்த இடம் அரிது.

உயரமான இடமாகையால் காற்றின் அழுத்தம் சமுத்திர மட்டத்தில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. ஆகவே விமானத்தில் வந்திறங்குவோர் முதல் இரண்டு நாட்கள் யாதொரு வேலையும் செய்யாது ஓய்ந்திருத்தல் அவசியம். வெந்நீர் நிரம்பப் பருகல் வேண்டும். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் மிகுந்தால் தாமதியாமல் வைத்தியரைக் காண்பதும், தாழ்ந்த இடத்துக்கு இறங்கிவிடுவதுமே உயிருக்குக் காப்பு. திடகாத்திரமான வாலிபருக்கும் இது நேரும். எனவே இவ்விஷயத்தில் வீரம் பேசுதல் தகாது.

பூமியும் சீதோஷ்ணமும்

குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், சிற்சில இடங்களில் அதற்கும் கீழேயும் குளிர் இறங்கும். கோடையிலோ பகல் வெயில் சுடும். வெயிலில் தலையும் நிழலில் காலுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தால், தலைக்கு வெப்பு நோயும் காலுக்குப் பனிக்கடியும் ஒருங்கே வரும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மண் பெரும்பாலும் மணலும் சரளையும் கலந்தது. மக்கு மிகக் குறைவு. விட்ட நீர் விரைவில் கீழிறங்கிவிடும். பயிர்க்காலம் மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதங்களே. லே நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு போகமே விளையும். சிந்து நதியோரமாக மேற்கே இறங்கிச் செல்லச் செல்ல உயரம் குறைந்து வெப்பம் கூடும். அங்கே பார்லி அறுத்த நிலத்தில் நெளிகோதுமையோ டர்னிப் என்னும் கிழங்கோ இரண்டாம் போகமாகப் பயிராகும். சர்க்கரை பாதாமி மரங்களும் அங்கேதான் செழிக்கின்றன.

சிந்து நதி பள்ளத்தின் அடியில் ஓடுகின்றது. வயல்களோ பெரும்பாலும் அதற்கு மேலே, பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகளின் கரைகளில் இருக்கின்றன. எனவே கண்ணெதிரே பெருநதி ஓடியும் அந்த வயல்களுக்கு அதனால் உபயோகமில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூருக்கு மேலுள்ள பனிமலையே ஏரி. அதிலிருந்து வரும் ஓடையே வாய்க்கால்.

வாய்க்காலும் நீர்க்காரரும்

லே நகருக்கு மேற்கே சுமார் 10 மைல் தூரத்தில் பியாங் என்னும் ஊர் இருக்கின்றது. சாலையிலிருந்து ஏறும்போது முதலில் தென்படுவது ஒரு புல்லும் முளையாத சரளைக் காடு. மேலே செல்லச் செல்ல, குன்றின்மேல் பௌத்த மடமும், அதன் கீழ் நெட்டையாக வளர்ந்த பாப்லர் மரங்களும், படிப்படியாக இறங்கும் வயல்களும் காணப்படும். மலைச்சரிவின் குறுக்கே கோடு கிழித்தாற்போல ஒரு வாய்க்கால் செல்லும். அக்கோட்டுக்கு மேலே வெறுங் கல். கீழே பச்சைப் பயிர். இடையே வேறொன்றுமில்லை. லடாக்கில் எவ்வூருக்குச் சென்றாலும் இக்காட்சியே. மண்ணில் வேற்றுமை இல்லை. நீர் எட்டிய இடம் நிலம், எட்டாத இடம் பாலை என்பதே கணக்கு.

தாய்வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிகின்றன. இவற்றை அங்கே யூரா என்பர். கல்லும் மண்ணுமே இவற்றின் கட்டுமானம். மடை என்பது ஒரு தட்டைக் கல்லும் நாலு புற்கரணைகளுமே. கல்லை நகர்த்தினால் மடை திறந்தது; கல்லை வைத்துக் கரணையால் அடைத்தால் மூடியது. வயல்கள் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நீர் நெடுந்தூரம் பரவினால் மணலில் இறங்கி வீணாகும் என்பதே அதற்குக் காரணம்.

ஊருக்கு மேற்புறம் ஜிங் எனப்படும் சிறு குளம் ஒன்று பல ஊர்களில் இருக்கும். பனி பகலில் வெயில் ஏறிய பின்னரே உருகும். அந்நீர் ஊரை வந்தடையப் பொழுது சாய்ந்துவிடும். இரவில் வரும் நீரைப் பாய்ச்சுவது கடினம். ஆகவே அதனை ஜிங்கில் தேக்கி, மறுநாட் காலையில் ஒரே பெருக்காகத் திறந்துவிடுவர். மெல்லிய ஒழுக்காக வரும் நீர் வாய்க்காலிலேயே சுவறிப்போகும். சேர்த்து விட்ட நீரோ கடைமடை வரையில் எட்டும். இவ்வுண்மையை அவர்கள் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை, அனுபவத்தாலேயே கண்டனர்.

நீர்ப் பங்கீட்டை நடத்துபவர் சுர்போன் எனப்படுவார். ‘நீருக்குத் தலைவர்’ என்பது அச்சொல்லின் பொருள். தென்னாட்டு ஏரிக் கிராமங்களில் நீர்க்கட்டி பார்க்கும் வேலையை ஏறக்குறைய ஒத்தது அவர் வேலை. பல ஊர்களில் இவ்வுத்தியோகம் வருஷந்தோறும் வீட்டுமுறையாக மாறி வரும். சில ஊர்களில் ஊரார் கூடித் தேர்ந்தெடுப்பர். கூலியாகக் குடிகள் தானியம் அளப்பது வழக்கம். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, விடியுமுன் மேல்மடையிலும், அந்தியில் கடைமடையிலும் அவர் நிற்பார். முறை தப்பி மடையைத் திறந்தவன் ஊராருக்கு அபராதம் செலுத்த வேண்டும். முறை மாறி வருவதால், இவ்வருஷம் மடை காப்பவன் அடுத்த வருஷம் மடை கேட்பவனாக நிற்கின்றான். இந்த ஓர் ஏற்பாடே பாரபட்சத்துக்குப் பெருந்தடையாக அமைந்திருக்கின்றது.

எந்த வயலுக்கு முதலில், எதற்குப் பின்னர், எத்தனை நேரம் என்பதற்கெல்லாம் முறை உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவரி நிர்ணயம் நடந்தபோது, ஊர்தோறும் இருந்த பாசன வழக்கங்கள் ஸர்க்கார் தஸ்தாவேஜுகளில் எழுதப்பட்டன. ‘ரிவாஜ்-இ-ஆப்பாஷி’, அதாவது பாசன மாமூல், என்பது அவற்றின் பெயர். வழக்கை எழுத்தில் வைத்துக்கொள்ளுதல் எத்துணை பயனுடையது என்பதை அக்காலத்துக் கர்ணங்களும் முன்சீபுகளும் நன்கு அறிந்திருந்தனர்.

இக்கட்டுப்பாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. முறை கடுமையாக நடப்பது ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான். ஜூலையில் பனி நன்றாக உருகி ஓடை நிரம்பிவிட்டால், வேண்டியவர் வேண்டியபோது பாய்ச்சிக்கொள்ளலாம். பஞ்ச காலத்துக்குச் சட்டம். மிஞ்சிய காலத்துக்கு விட்டுக்கொடுத்தல். இதனால் சட்டம் எவருக்கும் வெறுப்பாகத் தோன்றுவதில்லை.

எருவும் உழவும்

இவ்வளவு ஏழை மண்ணில் வருஷந்தோறும் பயிர் எடுக்க எரு வேண்டுமன்றோ? ஆடுமாடுகளின் சாணத்தில் பெரும்பகுதி விறகாகச் செலவாகின்றது. ஏனெனில் காட்டு மரம் அங்கே இல்லை. ஆகவே குடியானவர்கள் மனிதக் கழிவையே தலையான எருவாகக் கொண்டனர். வீட்டுக்கு வீடு இரண்டு தட்டுள்ள உலர் மலக்கூடம் உண்டு. மேல்தட்டில் உபயோகித்தவுடன் மண்ணும் சாம்பலும் தள்ளிவிடுவர். ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவில்லை. கீழ்த்தட்டில் அது மக்கி, நாற்றம் நீங்கி, பொடிமண்ணாகிவிடும். வசந்தகாலத்தில் அதனை வாரி வயலுக்குக் கொண்டு செல்வர். தண்ணீரைக் காத்து, எருவையும் தரும் இவ்வேற்பாடு, அந்நாட்டுப் பயிர்த்தொழிலின் அஸ்திவாரங்களில் ஒன்று.

விதைக்கும் பருவத்தைச் சூரியன் நிற்கும் இடத்தைக் கொண்டு நிர்ணயிப்பது பழைய முறை. குறிப்பிட்ட மலைமுகட்டிலோ நாட்டிய கல்லிலோ சூரியன் வந்து சேரும் நாளே விதை நாள். உயரத்துக்கு ஏற்ப ஊருக்கு ஊர் அந்நாள் வேறுபடும். லடாக்கைச் சேர்ந்த சான்ஸ்கர் பள்ளத்தாக்கில், வயலின்மேல் கிடக்கும் பனியில் மண்ணைத் தூவிவிடுவது உண்டு. வெண்மையான பனி வெயிலைத் திருப்பிவிடும். கறுத்த மண் வெயிலை வாங்கிக்கொள்ளும். ஆகவே மண் தூவிய பனி சில நாள் முன்னதாகவே உருகி, உழவுக்கு வழிவிடுகின்றது. பயிர்க்காலம் குறுகிய இடத்தில் இச்சில நாட்களே விளைச்சலுக்கும் சாவிக்கும் இடையேயுள்ள வித்தியாசமாகிவிடும்.

உழவுக்கு யாக் என்னும் கவரிமாட்டுக்கும் நாட்டுப் பசுவுக்கும் பிறந்த ட்சோ என்னும் கலப்பு மாட்டைப் பூட்டுவர். அது குளிரையும் உயரத்தையும் தாங்கும், சாந்தமும் உடையது. மாடும் ஆளும் ஒருவருக்கொருவர் கைம்மாறாக உதவிக்கொள்வது வழக்கம். இன்று ஒருவர் வயலில் உழைத்த கூட்டம் நாளை மற்றவர் வயலில் நிற்கும். அறுவடைக் காலத்தில் பல இடங்களில் பார்லியை அறுக்காமல் வேரோடு பிடுங்குவர். தீவனம் அருமையான நாட்டில் தாளில் ஒரு விரற்கடையும் நிலத்தில் விடமாட்டார்கள். களத்தின் நடுவே கம்பம் நட்டு, மாடுகளைச் சுற்றிவரச் செய்து போரடிப்பர்.

பார்லியை வறுத்து அரைத்த மாவே அவர்களுடைய அன்றாட உணவு. அதனுடன் வெண்ணெயும் உப்பும் இட்ட தேநீர் சேரும். உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு முதலியவற்றை உறைபனி எட்டாத நிலக்குழிகளில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொள்வர். பூமி ஐந்து மாதம் கொடுப்பதைக் கொண்டு பன்னிரண்டு மாதம் வாழ வேண்டுமாகையால், சேமிக்கும் கலை விளைவிக்கும் கலைக்குக் குறைந்ததன்று.

வசந்தகாலத்துத் தண்ணீர் முடை

இத்தனை ஒழுங்குக்கும் அடிப்படை மலைமேற் பனியே. அந்தப் பனி இப்பொழுது பின்வாங்கி வருகின்றது. பூமியின் வெப்பம் உயர்ந்து வருவதால், தாழ்ந்த உயரத்தில் இருந்த சிறு பனிப்பாறைகள் சுருங்கிவிட்டன. எஞ்சியவை 16,000, 17,000 அடிக்கு மேல் உள்ளன. அவ்வளவு உயரத்துப் பனி ஜூன் மாதத்துக்கு முன் நன்றாக உருகுவதில்லை. பயிருக்கோ முதல் நீர் ஏப்ரல், மே மாதங்களில் வேண்டும். அப்பொழுது விதைக்காவிட்டால், செப்டம்பர்க் குளிருக்கு முன் கதிர் முற்றாது. எனவே வருஷ மொத்தத்தில் நீர் இருந்தும், வேண்டிய காலத்தில் இல்லாமற் போவதே அவர்களுடைய துன்பம்.

சான்ஸ்கரில் கும்மிக் என்ற ஊரின் கதி இதற்குச் சான்று. அப்பள்ளத்தாக்கின் மிகப் பழமையான ஊர்களில் ஒன்றென எண்ணப்படுவது அது. ஊருக்கு மேலிருந்த பனிப்பரப்புக் குறையக் குறைய, ஓடை மெலிந்தது. வயல்கள் ஒவ்வொன்றாகத் தரிசாயின. 2000-ஆம் வருஷத்தை ஒட்டி ஊரார் கூடி, வீடு வாசல்களை விட்டு நதிப்பக்கத்துச் சமவெளிக்குக் குடிபெயர்வதென முடிவு செய்தனர். அப்புது நிலத்துக்கு லுங்நாக் ஆற்றிலிருந்து சில மைல் தூரம் வாய்க்கால் வெட்டும் வேலையைத் தாங்களே மேற்கொண்டனர். தலைமுறை தலைமுறையாக எரு இட்டு, கல் பொறுக்கி ஆக்கிய வயலை விட்டு, மறுபடியும் சரளைக் காட்டிலிருந்து தொடங்குவதென்பது எளிதன்று. கட்டுப்பாடு எவ்வளவு சிறந்ததாயினும், பங்கிடுவதற்கு நீரே இல்லையெனில் அக்கட்டுப்பாடும் உதவாது என்பதை இவ்வூர் காட்டுகின்றது.

பனிக்கட்டியைச் சேமித்தல்

குளிர்காலத்தில் ஓடைகள் முற்றும் நின்றுவிடுவதில்லை. மெல்லியதாக ஓடி, எவருக்கும் பயன்படாமல் சிந்து நதியில் கலந்துவிடுகின்றன. அந்நீரைப் பனிக்கட்டியாகச் சேமித்து வசந்தகாலத்தில் உருகவிட்டால் என்ன என்று ஒருவர் யோசித்தார். அவர் லடாக்கிலேயே 1935-ஆம் வருஷம் பிறந்து, ஸர்க்கார் கிராம அபிவிருத்தி இலாகாவில் இஞ்சினீயராக உழைத்த சேவாங் நோர்பெல். குளிர்காலத்தில் குழாய் உறைந்து போகாதிருக்கும்பொருட்டு அதைத் திறந்தே வைப்பது அங்கே வழக்கம். அவ்வாறு ஓடிய நீர், வேகமாகச் செல்லுமிடத்தில் உறையாமலும், பாப்லர் மரத்து நிழலில் மெதுவாகப் பரவுமிடத்தில் உறைந்தும் இருந்ததை அவர் கவனித்தார். நீர் மெல்ல ஓடவேண்டும், நிழல் வேண்டும் என்ற இரண்டு விதிகளும் அவருக்கு அங்கே கிடைத்தன.

1987-ஆம் வருஷத்தில் புக்சே என்னும் ஊரில் முதல் செயற்கைப் பனிப்பாறையை அவர் அமைத்தார். முறை வருமாறு: ஊருக்கும் மலைப்பனிக்கும் இடையே, வெயில் படாத வடபுறச் சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் ஓடைநீரை வாய்க்கால் மூலம் அங்குத் திருப்ப வேண்டும். சரிவின் குறுக்கே வரிசை வரிசையாகக் கல் வரப்புகள் போட்டு, நீரைத் தடுத்து, மெல்லிய தகடாகப் பரவச் செய்ய வேண்டும். ஒரு தகடு உறைந்தபின் அதன்மேல் மற்றொரு தகடு உறையும். இவ்வாறு மாசி பங்குனி வரையில் பனிக்கட்டி தடித்து வளரும். மலைப்பனியைவிடத் தாழ்ந்த உயரத்தில் இருப்பதால், இது ஏப்ரல் மாதத்திலேயே உருகத் தொடங்கி முதல் நீரைக் கொடுத்துவிடும். உள்ளூர்க் கல்லும் உள்ளூர் ஆட்களுமே போதும். சிமெண்டு அணைக்கு ஆகும் செலவில் இஃது ஒரு சிறு பங்கே. நிலத்தில் இறங்கும் நீரும் கீழேயுள்ள ஊற்றுக்களுக்கு ஊட்டமாகின்றது. இத்தகையவை பத்துக்கு மேற்பட்டவற்றை அமைத்த அவருக்கு 2015-இல் இந்திய ஸர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது.

குறைகளும் உண்டு. தக்க நிழற்சரிவு எல்லா ஊர்களிலும் இல்லை. வேலை நடக்கும் இடம் ஊரிலிருந்து தூரமாகையால், கடுங்குளிரில் ஆட்கள் ஏறிச்சென்று வாய்க்காலைக் காக்க வேண்டும். அவ்வாறு காக்காத இடங்களிலும், வெள்ளம் வரப்புகளை அடித்துச் சென்ற இடங்களிலும் இம்முயற்சி கைவிடப்பட்டது.

பனிக்கூம்பு

மற்றொரு லடாக் இஞ்சினீயரான சோனம் வாங்சுக் இதற்கு வேறொரு வழி கண்டார். பனியைப் பரப்பாமல் கூம்பாக உயர்த்தினால், கனம் மிகுந்தும் வெயில் படும் மேற்பரப்புக் குறைந்தும் இருக்கும். ஆகவே நிழல் இல்லாத இடத்திலும் நெடுநாள் உருகாமல் நிற்கும் என்பது அவர் கருத்து. மேலோடையிலிருந்து நிலத்துக்கடியில் குழாய் பதித்து, ஊரருகே அதனைச் செங்குத்தாக நிறுத்துவர். மேலிருந்து வரும் அழுத்தத்தால், பம்பு இல்லாமலே நீர் உயர்ந்து குழாய் முனையில் பூவாணம்போல் சிதறும். சிதறிய துளிகள் இரவுக் குளிரில் உறைந்து கூம்பாக வளரும். பௌத்தர்களின் ஸ்தூபியைப் போன்றிருப்பதால் இதனைப் பனி ஸ்தூபி என்பர்.

2013-14 குளிர்காலத்தில் செய்த முதல் சோதனைக் கூம்பு சுமார் 20 அடி உயரம் இருந்தது. ஒன்றரை லட்சம் லிட்டர் நீரை உட்கொண்ட அது 2014 மே 18 வரையில் நின்றது. 2015-இல் பியாங்கில் எழுந்த கூம்பு 64 அடி உயரம். ஜூலை 6 வரையில் நின்று, சுமார் 15 லட்சம் லிட்டர் நீரை 5,000 மரக்கன்றுகளுக்கு அளித்தது.

இக்கணக்கை நிலமுடையவர் தம் அளவையால் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல ஆழம் நீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேலே தேவை. ஆகவே 15 லட்சம் லிட்டர் நீர், ஐந்து ஏக்கருக்கு மூன்று அங்குலம் வீதம் ஒரு முறை பாய்ச்சப் போதும். மரக்கன்றைப் பிழைக்க வைக்கவும், விதைப்புக்கு முன் சில வயல்களை நனைக்கவும் இது பேருதவி. ஓர் ஊரின் முழு ஆயக்கட்டையும் இது ஒன்றே காப்பாற்றும் என்று எண்ணுவது தவறு. மேலும், தெளித்த நீரில் பெரும்பகுதி உறையாமலே ஓடிவிடுகின்றது. இரவில் நீரோட்டம் நின்றால் குழாய் உறைந்து வெடிக்கும். குளிர்கால நீர் எவ்வூருக்கு உரியது என்பதைக் கீழ்மடை ஊராருடன் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளுதலும் அவசியம். பழைய மாமூலில் குளிர்கால நீருக்கு எவரும் பங்கு கேட்டதில்லை. புதிய நீர் பிறக்குமிடத்தில் புதிய வழக்கும் பிறக்கும்.

புதிய லாபமும் புதிய நஷ்டமும்

பனியில்லாக் குறையோடு மனிதர் செய்யும் மாறுதல்களும் சேர்ந்திருக்கின்றன. 1974-இல் லடாக் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது சில நூறு பேரே வந்தனர். இப்பொழுது வருஷத்துக்கு வருகின்றவர்கள் அந்நாட்டு ஜனத்தொகையையே மிஞ்சுகின்றனர். விடுதிகள் பெருகின; நீர் ஊற்றி அலம்பும் மலக்கூடங்கள் வந்தன; ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. இதனால் லே நகரில் நிலத்தடி நீர் பெருமளவில் எடுக்கப்படுகின்றது. எருவாக வயலுக்குச் செல்ல வேண்டியது சாக்கடையாகி நீரைக் கெடுக்கின்றது. ரேஷன் அரிசி மலிவாகக் கிடைப்பதாலும், பட்டாளத்திலும் விடுதிகளிலும் சம்பளம் கிடைப்பதாலும், பார்லி வயலில் நிற்க இளைஞர் குறைந்துவிட்டனர். வெளியூர்க் கூலியாட்களைக் கொண்டு பயிர் செய்வதும், சில வயல்களைத் தரிசாக விடுவதும் காணப்படுகின்றன. சுர்போன் வேலையைத் தன் முறைக்கு ஏற்க ஆளில்லாத வீடு, கூலி கொடுத்து மாற்றாளை அமர்த்த நேர்கின்றது. காவலன் கூலிக்காரனானால் கட்டுப்பாட்டின் உயிர் தளரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் லாபமும் இல்லாமல் இல்லை. லேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் 1960-களிலிருந்து பலவகைக் காய்கறிகளை அந்தச் சீதோஷ்ணத்துக்குப் பழக்கி வந்திருக்கின்றது. சுமார் மூன்றடி ஆழத்துக்கு அகழி தோண்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, கடுங்குளிரிலும் கீரை விளைவிக்கின்றனர். மூன்று புறம் மண்சுவரும் தென்புறம் பிளாஸ்டிக் தாளுமாக அமைத்த பயிர்க்கூடங்களில், பகல் வெயிலின் சூட்டைச் சுவரே வாங்கி இரவில் வெளிவிடுகின்றது. விளைந்த காய்கறியைக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் பட்டாளத்துக்கு விற்கின்றனர். கல்லிலும் மணலிலும் தானாக வளரும் ‘ஸீபக்தார்ன்’ என்னும் முட்செடி வேலியாகிறது; வேரால் மண்ணுக்கு நைட்ரஜன் சத்தைச் சேர்க்கிறது; அதன் புளிப்புப் பழம் வைட்டமின் ஸி நிறைந்த பானமாக விற்பனையாகிறது. முன்பு விறகுக்கென்று வெட்டிய செடி இன்று வருமானம் தருகின்றது.

மழையே இல்லாத நாட்டில் மிதமிஞ்சிய மழையும் ஆபத்தே. 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி நள்ளிரவில் லேயைச் சூழ்ந்த மலைகளில் பெய்த பெருமழையால் சேறும் பாறையும் இறங்கி, இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல வாய்க்கால்களும் வயல்களும் மண்மூடிப் போயின. மழையை எதிர்பாராது மண்ணால் கட்டிய வீடுகள் கரைந்தன. ஆகவே நீர் குறைந்தால் என்ன செய்வது என்பதோடு, ஒரே இரவில் பெருகினால் எவ்வழியாக வெளியேற்றுவது என்பதையும் ஊர்கள் இனி யோசிக்க வேண்டியிருக்கின்றது.

கவனிக்க வேண்டியவை

லடாக்குக்குச் செல்லும் நிலச்சொந்தக்காரர் மடங்களையும் ஏரிகளையும் பார்த்துத் திரும்பிவிடுதல் போதாது. மே மாதக் கடைசியில் ஓர் ஊரில் தங்கி, விடியற்காலையில் ஜிங் திறக்கும்போது உடனிருந்து, நீரோடு கூடவே கடைமடை வரையில் நடந்து பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பவருக்கு நான்கு விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, மெல்ல வரும் நீரைத் தேக்கி ஒருசேர விடுவதால் வழிச்சேதம் குறையும். இரண்டாவது, மடைகாக்கும் பொறுப்பு முறைமாறி வந்தால் நம்பிக்கை வளரும். மூன்றாவது, பங்கீட்டு வழக்கத்தை எழுதி வைத்தலும், புதிய நீருக்குப் புதிய உடன்படிக்கை செய்துகொள்ளுதலும் வழக்கைத் தடுக்கும். நான்காவது, நீரையும் எருவையும் ஒருங்கே வீணாக்கும் பழக்கம் எவ்வளவு நாகரிகமாகத் தோன்றினும் பயிர்த்தொழிலுக்குப் பகையாகும்.

செயற்கைப் பனி குளிர்ந்த மலைநாட்டுக்கே உரியது. மற்ற இடங்களில் அதைச் செய்ய இயலாது. ஆனால் குடிகள் ஒன்றுகூடிக் காவாத வாய்க்கால், பனிமலையின் அடியில் இருந்தாலும் கடைமடைக்கு நீர் கொணராது. நான்கு அங்குல மழையில் பயிரேற்றிய அக்குடியானவர்கள், பனி குறையும் இக்காலத்திலும் தம் முறையை விடாது காப்பார்களாயின் ஊர் நிற்கும். விட்டுவிடுவார்களாயின், வாய்க்காலுக்கு மேலே கிடக்கும் கல் வாய்க்காலுக்குக் கீழும் இறங்கிவிடும்.